தலைமையாசிரியை ஆவதற்கு முன்னால் கேட்டு வாங்க வேண்டிய வேலைகள்

ஆண்டு விழாவுக்கு முந்தின வாரம் எந்தத் தொடக்கப் பள்ளிக்குள் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வண்ணத்தாள் வெட்டுவது, நடனம் சொல்லிக் கொடுப்பது, பரிசுப் பொருளில் பெயர் எழுதி ஒட்டுவது, விருந்தினரை வாசலில் வரவேற்பது எல்லாம் டீச்சர்கள். மேடைக்காரரிடம் பேரம் பேசுவது, செலவுக் கணக்கு வைப்பது, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று தீர்மானிப்பது மட்டும் அங்கே இருக்கிற இரண்டு மூன்று சார்களில் ஒருவர். விழா நன்றாக நடந்தால் எல்லாருக்கும் பாராட்டு கிடைக்கும். ஆனால் தலைமையாசிரியர் இடம் காலியாகி, "பொறுப்பெடுத்து எதையாவது நடத்தியவர் யார்?" என்று மேலே உள்ளவர்கள் யோசிக்கும்போது, கணக்கு வைத்தவர் பெயர்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும்.

நான் நெடுங்காலம் வகுப்பாசிரியை, அப்புறம் தலைமையாசிரியை. இப்போது அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கும் டீச்சர்களோடு உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுக்கிறேன், நேர்காணலுக்குப் பேசிப் பழக வைக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் அருமையான டீச்சர்கள். நன்றாகப் பாடம் நடத்தினால் பதவி தானாக வரும் என்று நம்பிக் காத்திருந்தவர்களும் அவர்களே. மூப்பு அடிப்படையில் பதவி உயர்வு கொடுக்கிற இடங்களில்கூட, முறை வந்ததும் "ஆபீஸ் வேலை எனக்குத் தெரியாது" என்று வேண்டாமென எழுதிக் கொடுத்துவிடுகிற பெண்கள் உண்டு. ஆகவே விண்ணப்பத்துக்குப் பல வருஷம் முன்னாலேயே தொடங்க வேண்டிய வேலைகளைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன். நேர்காணல் அன்றைக்கு எந்தப் புடவை என்பதெல்லாம் கடைசி வாரக் கவலை.

உலகம் முழுக்கத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்கிறது யுனெஸ்கோ. தலைமை நாற்காலியில் அந்தப் பங்கு தெரிவதில்லை. பல நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஈசிடி 2018-இல் ஆசிரியர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் நடத்திய 'டாலிஸ்' என்ற கணக்கெடுப்பு, தொடக்கப் பள்ளிக்கு அடுத்த படியில் இருக்கும் வகுப்புகளைப் பார்த்தது. அங்கே ஆசிரியர்களில் 68 சதவீதம் பெண்கள், தலைமையில் 47 சதவீதம். இது ஏன் என்று யோசிக்கும்போது எனக்கு உதவியது, 1992-இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் வெளியிட்ட ஆய்வு. பெண்கள் நிறைந்த நான்கு தொழில்களில் ஆண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அவர் பார்த்தார்: செவிலியர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர். அந்த ஆண்களைச் சுற்றி உள்ளவர்களே மேலே மேலே என்று தள்ளிவிடுவதைக் கண்டு, அதற்குக் 'கண்ணாடி எஸ்கலேட்டர்' என்று பெயர் வைத்தார். நம் பள்ளிகளிலும் இதைப் பார்க்கலாம். சின்னப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு சார் இருந்தால், "நீங்க ஏன் சார் இங்க கஷ்டப்படறீங்க, ஆபீஸ் பக்கம் வாங்க" என்று சொல்ல யாராவது இருப்பார்கள். உங்களிடம் அப்படிச் சொல்ல யாரும் வருவதில்லை, நீங்களாகத்தான் கேட்க வேண்டும்.

பழைய சட்டங்களுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தில் பல உள்ளாட்சி நிர்வாகங்கள் கல்யாணமான ஆசிரியைகளை வேலையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தன. 1944 கல்விச் சட்டம்தான் அதை முடித்துவைத்தது. அயர்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் அதே தடை 1934-இல் வந்து 1958 வரை இருந்தது. கல்யாணம் ஆனதும் வீட்டுக்குப் போனவருக்குப் பதவி உயர்வு எங்கிருந்து வரும்? தடை போய்விட்டது. தலைமைக்கு வீட்டுப் பொறுப்பு இல்லாத ஆள்தான் சரிப்படும் என்ற நினைப்பு மட்டும் பல நேர்காணல் அறைகளில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு நோட்டு போடுங்கள்

ஒரு டேர்ம் முழுக்க, வகுப்புக்கு வெளியே நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி வையுங்கள். யார் கொடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆனது, அதில் நீங்களாக எடுத்த முடிவு ஏதாவது உண்டா. இந்த மூன்று விவரம் போதும். டேர்ம் முடிவில் மூன்றாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். கூட்டக் குறிப்பு எழுதியது, அழுத பிள்ளையைச் சமாதானப்படுத்தியது, அறிவிப்புப் பலகையை அலங்கரித்தது, பிரிவுபசாரத்துக்குப் பணம் வசூலித்தது. எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் இவற்றை வைத்து ஒரு பள்ளியை நடத்தும் திறமையை யாரிடமும் காட்ட முடியாது.

இந்த வேலைகள் ஏன் உங்களிடமே வருகின்றன என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. லிண்டா பாப்காக், லிஸ் வெஸ்டர்லண்ட் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் இன்னும் இருவரோடு சேர்ந்து 2017-இல் வெளியிட்டது. சிறு குழுவில் யாரும் விரும்பாத ஒரு வேலைக்கு ஒருவர் முன்வர வேண்டும் என்று சோதனை வைத்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகம் முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களிலோ, வேறு வழி இல்லாததால், அவர்களும் முன்வந்தார்கள். யாரைச் செய்யச் சொல்லலாம் என்று தேர்வு செய்யும் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துப் பார்த்தபோது, பெண்களைக் கேட்டது 44 சதவீதம் அதிகம். கேட்டவர் ஆணா பெண்ணா என்பதால் இது மாறவில்லை. அதாவது உங்கள் தலைமையாசிரியை ஒரு பெண் என்றாலும் வண்ணத்தாள் உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

முடியாது என்று ஒற்றை ஆளாக மறுத்தால் கெட்ட பெயர்தான் மிஞ்சும். முறை போடச் சொல்லிக் கேளுங்கள். "மினிட்ஸ் எழுதறதைப் பெயர் வரிசைப்படி மாத்தி மாத்தி வெச்சுக்கலாமா?" என்று கூட்டத்தில் சாதாரணமாகக் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். "இதை யார் பார்த்துக்கறீங்க?" என்று கேள்வி விழுந்து எல்லாரும் தலை குனிந்திருக்கும் அந்த அரை நிமிஷத்தில் நீங்களும் குனிந்தே இருங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு அது ரொம்ப நீளமான அரை நிமிஷம்.

கால அட்டவணையைக் கேளுங்கள்

அலங்கார வேலையிலிருந்து மிச்சம் பிடித்த நேரத்தைக் கொடுத்து எதை வாங்குவது? என்னைக் கேட்டால் டைம் டேபிள். அதைப் போடுகிறவருக்கு முழுப் பள்ளியும் தெரிந்துவிடும். தலைமையாசிரியர்கள் பலர் அந்த வேலையைத் தள்ளிவிட ஆள் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதால் கேட்டால் கிடைத்தும் விடும்.

பென்சிலில் தொடங்குங்கள். முதலில் எல்லா வகுப்புக்கும் பொதுவானவற்றை நிரப்ப வேண்டும்: மைதானம், கூடம், கம்ப்யூட்டர் அறை, வாரத்தில் சில நாள் மட்டும் வருகிற பாட்டு டீச்சர். இவற்றை நகர்த்த முடியாது. அடுத்தது ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளின் வாசிப்பும் கணக்கும். அவை காலையிலேயே வரட்டும். மதியத்துக்கு மேல் ஆறு வயதுப் பிள்ளையிடம் உயிர்மெய் எழுத்தைப் பேசிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பிறகுதான் ஆசிரியர்களின் ஓய்வு பீரியடுகள்.

இந்தக் கடைசிக் கட்டத்தில் கீழ் வகுப்பில் இருந்த உங்கள் அனுபவம் கைகொடுக்கும். ஒன்றாம் வகுப்பு டீச்சர் காலையில் அறைக்குள் போனால் மதிய இடைவேளை வரை வெளியே வர முடியாது. அவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் அந்த ஐந்து நிமிஷம் பிள்ளைகளை யார் பார்ப்பது? நான் பார்த்த பழைய அட்டவணைகள் எதிலும் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. போட்டவர் மேல் வகுப்பு சார், அவருக்கு அந்தக் கஷ்டம் வந்ததில்லை. தீர்வு சுலபம். அடுத்தடுத்த இரண்டு அறைகளை ஜோடியாக்கி, ஓர் அறையில் பிள்ளைகள் அமைதியாக எழுதுகிற பீரியடாக இருக்கும்போது பக்கத்து அறை டீச்சர் நகரலாம் என்று அட்டவணையிலேயே குறித்துவிடலாம். இதைச் செய்தால், பல வருஷமாக வாய் விட்டுக் கேட்காத டீச்சர்கள் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்கள்.

அட்டவணை போட்டு முடித்தபின் அன்றாடச் சோதனை ஒன்று இருக்கிறது. காலை மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும். இரண்டு பேர் லீவு என்று போன் வந்துவிட்டது, மூன்றாமவர் வழியில் மாட்டிக்கொண்டார். வாசலில் பிள்ளைகள். யாரை எங்கே அனுப்புவது? முடிந்தவரை ஒன்றாம் வகுப்புக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகத்தையே அனுப்புங்கள். புது ஆள் போனால் முதல் பீரியட் அழுகையிலேயே போய்விடும். ஐந்தாம் வகுப்பை இரண்டாகப் பிரித்து, வேலையோடு பக்கத்து அறைகளில் உட்கார வைக்கலாம். அதற்காக ஒவ்வொரு டீச்சரும் ஒரு நாள் வேலைக்கான தாள்களை முன்கூட்டியே அலமாரியில் வைத்திருக்க வேண்டும் என்று டேர்ம் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேற்று ஓய்வு பீரியடை இழந்தவரை இன்று தொடக் கூடாது. அதற்கு ஒரு மாற்றுப் பணிப் பதிவேடு: தேதி, யார் வரவில்லை, யார் போனார், எந்த பீரியட்.

முதல் இரண்டு வாரம் முணுமுணுப்பு இருக்கும். "எப்பப் பார்த்தாலும் என் ஃப்ரீ பீரியடைத்தான் எடுக்கறீங்க" என்று ஒருவர் நிச்சயம் வருவார். வாதாடாமல் பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள். உங்கள் பெயரும் அதில் அடிக்கடி இருக்கிறதா என்று அவர் கண் முதலில் தேடும். இருக்கட்டும். ஆனால் மற்றவர்களைவிட அதிகமாக இருக்கக் கூடாது. எல்லாப் பற்றாக்குறையையும் தன் தலையில் போட்டுக்கொள்கிற டீச்சரைப் பார்த்தால் எல்லாருக்கும் பரிதாபம் வரும், பதவி வராது.

பணம்

கணக்குதான் பல பெண்களைப் பயமுறுத்துகிறது. கடன் வாங்கிக் கழித்தலை எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரிய வைப்பதைவிட ரொக்கப் பதிவேடு எழுதுவது எளிது. தேதி, ரசீது எண், வரவு, செலவு, கையிருப்பு. மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் ஏன் என்று ஒரு வரி. வாங்கிய பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. பெரிய செலவுக்கு முன் இரண்டு மூன்று இடத்தில் விலைப் பட்டியல் வாங்கி வைப்பது. தணிக்கைக்கு வருகிறவர் பெரும்பாலும் இவற்றில் விட்டுப்போனதைத்தான் கேட்பார்.

மாத முடிவில் கணக்கு முடிக்கும்போது பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். சிறிய தொகை ஒன்றை, உதாரணமாக நூலகப் புத்தகச் செலவை, உங்கள் பொறுப்பில் விடச் சொல்லுங்கள். ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள்: வராத பொருளுக்கு வந்ததாகவும், எழுதாத வவுச்சரிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான் டீச்சர்" என்பார்கள். சும்மா என்றால் அவர்களே போட்டுக்கொள்ளலாமே.

எப்படிக் கேட்பது

தயங்கித் தயங்கி வராந்தாவில் கேட்காதீர்கள். நேரம் வாங்கிக்கொண்டு அறையில் உட்கார்ந்து கேளுங்கள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"சார், அடுத்த வருஷத்து டைம் டேபிளை நான் போட்டுத் தரட்டுமா?"

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை? சின்னப் பிள்ளைங்களோட நிம்மதியா இருக்கீங்க."

"தலைமைப் பொறுப்புக்கு விண்ணப்பிக்கணும்னு நினைக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி இதையெல்லாம் கத்துக்கணும்."

இந்த மூன்றாவது வாக்கியத்தைச் சொல்லப் பல பேருக்கு வாயே வராது. பேராசைக்காரி என்று நினைப்பார்களோ என்ற பயம். சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை, உங்களுக்கு அந்த ஆசை இல்லை என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நல்ல மனசுக்காரர்கூட உங்களைச் சிரமப்படுத்த வேண்டாம் என்று நினைத்துத்தான் பயிற்சிக்கு இன்னொருவர் பெயரை எழுதியிருப்பார். சொன்ன பிறகு அவர் உதவாவிட்டால், வேறு பள்ளியின் தலைமையாசிரியை யாரையாவது தேடிக்கொள்ளுங்கள். ஆறுதல் சொல்பவர் நிறையக் கிடைப்பார்கள். நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரை எடுத்துப் பேசக்கூடிய ஒருவர்தான் வேண்டும்.

இன்னொரு பாராட்டிலும் கவனமாக இருங்கள். "ஒண்ணாம் வகுப்புக்கு உங்களை விட்டா ஆள் இல்லை." கேட்க இனிமையாக இருக்கும், அதே அறையில் பதினைந்து வருஷம் ஓடிவிடும். இடையில் ஒரு முறை மேல் வகுப்புக்கு மாற்றம் கேளுங்கள். முழுப் பள்ளியும் தெரியாதவர் என்று பின்னால் யாரும் சொல்லாமல் இருக்க அது போதும். அதே சமயம் கீழ் வகுப்பு அனுபவத்தைக் குறைத்தும் பேச வேண்டாம். ஒரு பிள்ளை எந்த இடத்தில் எழுத்தைச் சேர்க்கத் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த தலைமையாசிரியை, நான்காம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்பார்.

வீடு

இது பற்றி நீட்டி முழக்க மாட்டேன். தலைமையாசிரியைக்குப் பள்ளி விட்ட பிறகும் வேலை இருக்கும்: பெற்றோர் கூட்டம், மேலதிகாரி கூட்டம், பூட்டுக்காரர் வருகிற நேரம். விண்ணப்பத்துக்கு முன்பே, வாரத்தில் எந்தெந்த மாலை நீங்கள் வீட்டில் இருக்க மாட்டீர்கள், அன்று சமையலும் பிள்ளைகள் படிப்பும் யார் பொறுப்பு என்று நாள் வாரியாகப் பேசி முடிவு செய்துவிடுங்கள். "நான் ஹெல்ப் பண்றேன்" என்று கணவர் சொன்னால், எந்தக் கிழமை என்று கேளுங்கள். கிழமை சொல்ல முடியாத உதவியை நம்பி இறங்காதீர்கள்.

விண்ணப்பமும் நேர்காணலும்

என்னிடம் வரும் விண்ணப்பங்களில் நான் அதிகம் அடிப்பது 'நாங்கள்', 'உதவினேன்', 'பங்கேற்றேன்' ஆகிய மூன்றையும்தான். ஒரு டீச்சர் இப்படி எழுதியிருந்தார்: "எங்கள் பள்ளியில் வாசிப்பை மேம்படுத்தும் முயற்சியில் நானும் பங்கேற்று உதவினேன்." என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்காத பிள்ளைகளை அவர்தான் தனித்தனியாகச் சோதித்திருக்கிறார், அவர்களுக்காகக் காலையில் தனி நேரம் ஒதுக்கும்படி அட்டவணையை மாற்றச் சொல்லியிருக்கிறார், மற்ற இரண்டு டீச்சர்களுக்குச் சோதிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அப்புறம் என்ன பங்கேற்பு? இப்படி மாற்றினோம்: "மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறிய பிள்ளைகளைக் கண்டறியும் சோதனையைத் தயாரித்து நடத்தினேன். அதன் அடிப்படையில் காலை வாசிப்பு நேரத்தைக் கொண்டுவந்தேன். இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன்." பெருமை அடிக்கிற மாதிரி இருக்கிறதே என்று கூச்சப்பட்டார். அதில் பொய் ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றார். அப்படியே அனுப்பினோம். அதோடு, வருடத் தொடக்கத்தில் எத்தனை பிள்ளைகள், முடிவில் எத்தனை பிள்ளைகள் என்ற எண்ணையும் சேர்த்தோம். எண் உங்களிடம் இருக்க வேண்டுமென்றால் வருடத் தொடக்கத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். முன்னால் சொன்ன நோட்டு இதற்கும்தான்.

நேர்காணலில் சில கேள்விகள் எங்கும் வரும். கோபமாக வந்த பெற்றோர், சரியாகப் பாடம் நடத்தாத மூத்த ஆசிரியர், பிள்ளை ஒன்றின் உடம்பில் காயத்தைப் பார்த்தால் என்ன செய்வீர்கள். பொதுவாக "அன்பாகப் பேசுவேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். யாரிடம், எப்போது, எதை எழுதி வைத்துக்கொண்டு, யாருக்குத் தகவல் கொடுத்துவிட்டு என்று படிப்படியாகச் சொல்லுங்கள். மூத்த ஆசிரியர் விஷயம் என்றால்: வகுப்பை நேரில் பார்ப்பேன், பார்த்ததைத் தனியாக அவரிடம் சொல்வேன், மாற்ற வேண்டியதில் ஒன்றை மட்டும் இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்போம், தேதி குறித்து மறுபடி பார்ப்பேன், முன்னேற்றம் இல்லையென்றால் எழுத்தில் வரும். இப்படிச் சொன்னால் இந்த ஆளிடம் பள்ளியைக் கொடுக்கலாம் என்று எதிரே இருப்பவருக்குப் படும்.

"பிள்ளைகள் சின்னவங்களாச்சே, எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்கக் கூடாத கேள்வியை யாராவது கேட்பார். கோபம் வரும், நியாயம்தான். "இந்தப் பதவிக்கு என்னென்ன நேரம் தேவை என்று தெரிந்துதான் விண்ணப்பித்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். மாமியார் துணைக்கு இருக்கிறார் என்றெல்லாம் விளக்கத் தொடங்கினால் அது மாமியாருக்கான நேர்காணல் ஆகிவிடும்.

கடைசியில் நீங்களும் கேளுங்கள். இந்த இடம் ஏன் காலியானது? முன்னால் இருந்தவர் எவ்வளவு காலம் இருந்தார்? சேர்க்கை ஏறுகிறதா இறங்குகிறதா? காலிப் பணியிடம் எத்தனை? மிஷெல் ரயன், அலெக்சாண்டர் ஹஸ்லம் என்ற இரண்டு உளவியலாளர்கள், பிரிட்டனின் பெரிய நிறுவனங்களைப் பார்த்து 2005-இல் ஒன்றைக் காட்டினார்கள்: பங்குச் சந்தையே இறங்கியிருந்த சமயத்தில் இயக்குநர் குழுவுக்குப் பெண்களை எடுத்த நிறுவனங்கள், ஆண்களை எடுத்தவற்றைவிட, அதற்கு முந்தைய மாதங்களில் தொடர்ந்து சரிந்துகொண்டிருந்தவையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மூழ்குகிற பள்ளியை ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மூழ்கியதும் "பார்த்தீங்களா" என்பது நம் துறையிலும் நடக்காத விஷயம் இல்லை. அப்படிப்பட்ட பள்ளியை ஏற்கக் கூடாது என்று சொல்லவில்லை. என்ன ஆள், என்ன பணம், எவ்வளவு காலம் என்று பேசிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு

நேற்று வரை "அக்கா" என்று கூப்பிட்டவர்களுக்கு இன்று நீங்கள் லீவு மறுக்க வேண்டியிருக்கும். மதிய நேரத்தில் பழைய கூட்டத்தோடு உட்கார்ந்து பேசுங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு ஆசிரியரைப் பற்றி இன்னொருவரிடம் பேசுவதை அன்றோடு நிறுத்த வேண்டும். அதே பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காத ஒருவர் அந்தப் பள்ளியிலேயே இருந்தால், முதல் வாரத்தில் அவரைத் தனியாகச் சந்தித்து, முடிவெடுக்கும் அதிகாரத்தோடு ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பெயரளவுக்குக் கொடுத்தால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

சீக்கிரம் கண்ணில் படுகிற ஒன்றைச் சரி செய்யுங்கள். ஒழுகும் குழாய், தாழ்ப்பாள் இல்லாத பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவு, ஓடாத மின்விசிறி. பெரிய திட்டங்களை ஒரு டேர்ம் பள்ளியைப் பார்த்தபின் அறிவிக்கலாம்.

பள்ளியின் அம்மா ஆகிவிடாதீர்கள். ஆண் தலைமையாசிரியரிடம் வராத பஞ்சாயத்துகளெல்லாம் உங்களிடம் வரும்: டீச்சரின் வீட்டுச் சண்டை, அலுவலக ஊழியரின் கடன். பத்து நிமிஷம் கேளுங்கள், போதும். ஒரு முடிவில் உறுதியாக நின்றால் ரொம்பக் கறார் என்பார்கள், இன்னொன்றில் இறங்கி வந்தால் பிடி இல்லை என்பார்கள். இரண்டும் ஒரே வாரத்தில் காதில் விழுந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் எங்கே போக வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல வழிகாட்டி உண்டு. நியூசிலாந்தின் கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தலைமை செய்கிற காரியங்களில் பிள்ளைகளின் படிப்பை அதிகம் உயர்த்தியது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை ஊக்குவித்து, தானும் கூடவே கலந்துகொள்வது. அதனால் பயிற்சிக் கூட்டத்தைத் தொடங்கி வைத்துவிட்டு அறைக்குத் திரும்பாதீர்கள். கடைசி வரிசையில் நோட்டோடு உட்காருங்கள். போன் வந்தால் எடுக்க வேண்டாம்.

கிடைக்காவிட்டால்

ஒரு வாரம் விட்டுவிட்டு, எதில் குறை என்று எழுத்தில் கேளுங்கள். "இன்னும் கொஞ்சம் அனுபவம் வேண்டும்" என்று பதில் வந்தால், எந்த வேலையில் அனுபவம் என்று மறுபடி கேளுங்கள். குறிப்பாக ஒன்றைச் சொன்னால் அதை அடுத்த டேர்மில் கேட்டு வாங்கலாம். சொல்லாவிட்டால், அந்தப் பள்ளியில் உங்களுக்கு இடம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு வேறு பள்ளிகளின் அறிவிப்புகளைப் பார்க்கத் தொடங்குங்கள். வயது போய்விட்டதே என்பவர்களிடம் நான் 'எல்லா ஃபிளாக் யங்' என்ற அமெரிக்க ஆசிரியையின் கதையைச் சொல்வேன். பதினேழு வயதில் வகுப்பறைக்குப் போன அவர், சிகாகோ நகரப் பள்ளிகள் அனைத்துக்கும் தலைமை கண்காணிப்பாளர் ஆனது 1909-இல், 64 வயதில். அமெரிக்காவின் பெரிய நகரம் ஒன்றில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர். அடுத்த வருஷமே நாட்டின் தேசியக் கல்விச் சங்கத்துக்கும் முதல் பெண் தலைவரானார். 1899-இல், மேலே இருந்தவரோடு ஒத்துப்போகாமல் பதவியை விட்டு வெளியேறியவரும் அவரே.

பழைய விண்ணப்பத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நேர்காணலில் கேட்ட கேள்விகளை அன்று இரவே அதன் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், மறுநாள் பாதி மறந்துவிடும். அடுத்த அறிவிப்பு வரும்போது அதே கேள்விகளில் பலவற்றைத்தான் வேறு ஆள் கேட்பார்.